சோதனைக்கூட இறைச்சி கோஷரா? கேள்வி பதில்

மாட்டையோ கோழியையோ அறுக்காமல், அதன் செல்லைத் தொட்டியில் வளர்த்து எடுக்கும் இறைச்சியை யூதர்கள் சாப்பிடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். உணவுப் பொருள் ஏற்றுமதியில், யூத மதச் சட்டப்படி சாப்பிடத் தகுந்தது என்று சொல்லும் கோஷர் சான்றிதழ் வேலையைப் பல வருடம் கவனித்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பு சொல்வது ரபிகளின், அதாவது யூத மத அறிஞர்களின் வேலை, என்னுடையது அல்ல.

சார், ஒரே வரியில் சொல்லுங்கள். கூடுமா, கூடாதா?

முதல் செல் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. 2023 ஜனவரியில் இஸ்ரேலில் அஷ்கெனாசி (ஐரோப்பிய மரபு யூதர்) பிரிவின் தலைமை ரபியாக இருந்த டேவிட் லாவ், அலெஃப் ஃபார்ம்ஸ் நிறுவனம் தொட்டியில் வளர்த்த மாட்டிறைச்சி கோஷர்தான் என்றார். அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்காவின் பெரிய கோஷர் சான்றிதழ் அமைப்பான ஆர்த்தடாக்ஸ் யூனியன், சூப்பர்மீட் நிறுவனத்தின் கோழி செல்களை ஏற்றுக்கொண்டது. இரண்டுமே அந்தந்தப் பொருளுக்குக் கிடைத்த அனுமதி. தொட்டியில் வளர்ந்தது எல்லாமே கோஷர் என்று இவர்கள் சொல்லவில்லை.

விலங்கைக் கொல்லவே இல்லையே, அப்புறம் என்ன தடை?

கொல்லாததுதான் சிக்கலே! மாட்டையும் கோழியையும் ஷெகீத்தா என்ற யூத மத அறுப்பு முறைப்படி அறுத்தால்தான் இறைச்சியைச் சாப்பிடலாம். உயிரோடு இருக்கும் விலங்கிலிருந்து எடுத்த சதை கடுமையாக விலக்கப்பட்டது. ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவாவுக்குச் சொன்ன கட்டளையிலிருந்து வருவதால், இது மனித குலம் முழுவதற்கும் பொருந்தும் என்பது யூத மரபு. உயிருள்ள பசுவின் தசையில் ஊசி போட்டுச் செல் எடுத்தால் இந்தத் தடை எழுந்து நிற்கும். ஷெகீத்தா செய்த மாட்டிலிருந்து எடுத்தால் இந்தக் கேள்வியே இல்லை.

ஒரு செல் கண்ணுக்கே தெரியாதே, அதை உணவு என்று எப்படிச் சொல்வது என்று ஒரு தரப்பு கேட்கிறது. ஹலாஹா, அதாவது யூத மதச் சட்டம், கண்ணுக்குத் தெரிவதைத்தான் கணக்கில் எடுக்கும். அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தது பெரும்பாலும் 'இல்லாததாக' ஆகிவிடும் என்றும் விதி உண்டு. ஆனால் அந்த விதிக்கே விலக்கும் உண்டு. ஒரு குடம் பாலைத் தயிராக்கும் உறைமோர் மாதிரி, பொருளுக்கே உருவம் கொடுப்பது எவ்வளவு சிறிதானாலும் கரைந்து போனதாகக் கொள்ள மாட்டார்கள். விலக்கப்பட்ட ரென்னெட்டில் (கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலை உறைய வைக்கும் பொருள்) உறைந்த சீஸைத் தள்ளுவது இதனால்தான். தொட்டி இறைச்சியில் உருவம் கொடுப்பதே அந்த முதல் செல்தானே? எனக்கு இந்த வாதம்தான் வலுவாகப் படுகிறது.

அதனால் நிறுவனங்கள் இன்னும் பின்னால் போயின. அலெஃப் ஃபார்ம்ஸின் செல்கள் லூசி என்ற பிளாக் ஆங்கஸ் பசுவின் கருவுற்ற கருமுட்டையிலிருந்து வந்தவை. சூப்பர்மீட், கோழி முட்டைக்குள் ரத்தப் பொட்டு தோன்றுவதற்கு முன்பே செல்லை எடுத்துவிடுகிறது. அந்த நிலையில் அது எந்த விலங்கின் 'உறுப்பு'ம் இல்லை.

தொட்டியில் என்ன ஊற்றுகிறார்கள்? அதுவும் கோஷராக இருக்க வேண்டுமா?

கண்டிப்பாக. ஆரம்பத்தில் கன்றுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில்தான் செல்களை வளர்த்தார்கள். ரத்தம் யூதர்களுக்கு அறவே ஆகாது. சீரம் இல்லாத ஊடகம், அதாவது செல் வளரும் ஊட்டக் கரைசல், வந்த பிறகுதான் சான்றிதழ் பேச்சே சாத்தியமானது.

எங்கள் ஆலைக்குச் சோதனைக்கு வரும் ரபி, தயாரான பொருளைக் கடைசியில்தான் பார்ப்பார். நேரே மூலப்பொருள் கிடங்குக்குப் போய், டிரம் டிரம்மாக லேபிள் படிப்பார். இந்த கிளிசரின் தாவர எண்ணெயா, மாட்டுக் கொழுப்பா? அப்புறம் பாய்லர். கோஷர் அல்லாத ஒரு லைனைச் சூடாக்கிய நீராவி தண்ணீராகித் திரும்பி வந்து கோஷர் லைனுக்குப் போகிறதா என்று குழாயைத் தொடர்ந்தே நடப்பார். நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த செல் ஊடகத்தை இப்படிச் சல்லடை போட்டால் எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் யூதர்கள் இனி சீஸ் பர்கர் சாப்பிடலாமா?

இதில்தான் பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. இறைச்சியையும் பாலையும் சேர்க்கக்கூடாது. இரண்டிலும் சேராத காய்கறி, முட்டை, மீன் போன்றவற்றைப் பார்வே என்பார்கள். தொட்டி இறைச்சி எந்தப் பக்கம்?

ரபி லாவ் பார்வே என்றார், ஒரு நிபந்தனையோடு: தாவர உணவைப் போன்றது என்று சொல்லி விற்க வேண்டும். இறைச்சி என்றே விற்றால் பாலோடு சேர்க்காமல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆர்த்தடாக்ஸ் யூனியனோ சூப்பர்மீட்டின் கோழியை இறைச்சி என்ற கணக்கிலேயே வைத்தது.

பார்ப்பவர் தப்பாக நினைக்கக்கூடாது என்பதும் யூதச் சட்டத்தில் ஒரு காரணம். 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்த ரபி மோசஸ் இஸர்லெஸ், பாதாம் பாலில் இறைச்சி சமைத்தால் பக்கத்தில் நாலு பாதாமை வைக்கச் சொன்னார். பார்க்கிறவருக்கு அது மாட்டுப்பால் இல்லை என்று புரிய வேண்டும். இன்று சோயா பால் எல்லாருக்கும் தெரியும், அதனால் பாதாம் வைக்க வேண்டியதில்லை. தொட்டி இறைச்சியும் ஒருநாள் அப்படிப் பழகிப் போகலாம்.

என்னைக் கேட்டால், இறைச்சியாகவே வைப்பதுதான் நேர்மை. இறைச்சி என்று சொல்லித்தானே முதலீடு திரட்டுகிறார்கள்? சமையலறையில் மட்டும் காய்கறி என்றால் எப்படி?

இதற்கெல்லாம் பழைய நூலில் ஆதாரம் இருக்கிறதா ஐயா?

ஆச்சரியமாக இருக்கும், இருக்கிறது. யூத மதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்மூத்தின் சன்ஹெத்ரின் பகுதியில் ரவ் ஹனினா, ரவ் ஓஷயா என்ற இருவர், படைப்பு பற்றிய நூலைக் கற்று, சப்பாத் என்ற சனிக்கிழமை ஓய்வு நாளுக்கு முந்தைய நாள்தோறும் ஒரு கன்றை உருவாக்கிச் சாப்பிட்டார்கள் என்று வருகிறது. அதே பகுதியில் வானத்திலிருந்து இறைச்சி விழுந்த கதையும் உண்டு. கூடுமா என்று கேட்டபோது, அசுத்தமானது எதுவும் வானத்திலிருந்து இறங்காது என்று பதில் வந்தது. ஆனால் அதிசயத்தில் வந்த கன்றும், உண்மையான பசுவின் செல்லில் வளர்ந்த சதையும் ஒன்றா? அதனால் கதையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத ரபிகள் தயங்குகிறார்கள். எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் பற்றிய 20ஆம் நூற்றாண்டுச் சண்டைதான் எனக்கு நெருக்கமான முன்னுதாரணமாகத் தெரிகிறது. வில்னாவின் ரபி ஹயிம் ஓசர் க்ரோட்ஜின்ஸ்கி காய்ந்த எலும்பு உணவே இல்லை என்று அனுமதித்தார். அமெரிக்காவில் ரபி ஆரன் கோட்லர், முறைப்படி அறுத்த மாடாக இருந்தால்தான் ஆகும் என்று நின்றார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

சிங்கப்பூரிலிருந்து கேட்கிறேன். ஹலாலிலும் இதே கதைதானா?

அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். உங்கள் ஊரின் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ், 2024 பிப்ரவரியில், ஹலால் விலங்கின் செல்லாகவும் மற்றப் பொருள்களும் தூய்மையாகவும் இருந்தால் கூடும் என்று ஃபத்வா கொடுத்தது. பால் கலக்கும் பிரச்சினை அங்கே இல்லாததால் பாதிச் சிக்கல் குறைவு.

பன்றி இறைச்சியையும் இப்படி வளர்த்தால்?

2018இல் இஸ்ரேலில் ரபி யுவால் ஷெர்லோ, அதன் மூல அடையாளமே போய்விடுகிறது, அதனால் பன்றியின் செல்லில் வளர்ந்ததையும் சாப்பிடலாம், பாலோடுகூடச் சாப்பிடலாம் என்றார். பசித்தவர்களுக்கு உணவு, விலங்குகளின் வேதனை, சுற்றுச்சூழல் என்று அவர் சொன்ன காரணங்களை நான் மதிக்கிறேன். ஆனால் அசுத்தமானதிலிருந்து வருவது அசுத்தம் என்பது தால்மூத்தின் அடிப்படை நூலான மிஷ்னா காலத்து விதி. ஒட்டகப் பால் விலக்கப்பட்டதும் அதனால்தான். முதல் செல்லையே மறுபடி மறுபடி கேட்கும் சட்டத்தில், பன்றிச் செல்லுக்குப் பெரிய சான்றிதழ் அமைப்பு எதுவும் முத்திரை வைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.