மொபைலில் எடுத்த கோட்டை

வணக்கம் சார்,

வாலாஜாபேட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வருடமாக வாட்டர்கலர் பழகுகிறேன். வேலூர் போகும்போதெல்லாம் கோட்டையை மொபைலில் எடுத்துவந்து வீட்டில் அதைப் பார்த்து வரைகிறேன். அச்சு அசலாக வருகிறது, ஆனால் உயிர் இல்லை. மதில் கரி பூசினதுபோல் இருக்கிறது. போட்டோ பார்த்து வரைந்தால் அது வெறும் காப்பி என்று தம்பி வேறு சொல்கிறான். நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

தம்பி சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். நீங்களே அங்கே நின்று, பார்த்து, எடுத்த படம். அதை வைத்து வரைவதில் ஒரு குறையும் இல்லை. 1792-93இல் தென்னிந்தியாவைச் சுற்றி வரைந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப்பெட்டியை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். அதில் விழும் பிம்பத்தின் மேலேயே கோடு இழுத்துக்கொள்ளலாம். அவர்கள் படங்களை யாரும் காப்பி என்று தள்ளிவிடவில்லை.

உயிர் இல்லை என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். நான்கு படங்களும் சாயங்காலம் ரோட்டுப் பக்கமிருந்து எடுத்தவை. அங்கிருந்து நமக்குத் தெரிவது கிழக்கு மதில், சூரியனோ அதற்குப் பின்னால் இறங்குகிறது. மொபைல் வானத்துக்குச் சரிசெய்துகொண்டால் மதில் கறுத்துவிடும், மதிலுக்குச் சரிசெய்தால் வானம் வெளுத்துவிடும். நம் கண் நிழலுக்குள்ளும் கல்லைப் பிரித்துப் பார்க்கும். நீங்கள் உங்கள் கண்ணை விட்டுவிட்டு போட்டோவை நம்பி, கறுப்பு டியூபைப் பிதுக்கிவிட்டீர்கள்.

அடுத்தமுறை அகழி ஓரம் பத்து நிமிடம் உட்கார்ந்து நிழலை மட்டும் பாருங்கள். மதிலின் மேல்பாதியில் வானத்தின் நீலம் சன்னமாகப் படிந்திருக்கும், கீழே வரவரக் கல் பழுப்பாகும், தண்ணீரை ஒட்டிய வரிசையில் பாசி ஏறியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் கறுப்பை எடுத்து வைத்துவிட்டு அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு இரண்டை மட்டும் எடுங்கள். மேலே நீலம் தூக்கல், கீழே சியன்னா தூக்கல். தட்டில் முழுசாகக் கலக்காமல் ஈரமான காகிதத்திலேயே ஒன்றோடொன்று சேரவிட்டு, அப்புறம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுங்கள், திரும்பத் தேய்க்க வேண்டாம். அல்ட்ராமரீனின் துகள்கள் காகிதத்தின் சின்னச் சின்னப் பள்ளங்களில் போய் உட்கார்ந்து, காய்ந்ததும் கருங்கல்லின் சொரசொரப்பு தானாக வந்திருக்கும். அதற்குக் காகிதம் நன்றாக இருக்க வேண்டும்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை, அதாவது தடிமனானது), கோல்டு பிரஸ் (மேற்பரப்பு லேசாகச் சொரசொரப்பானது), முடிந்தால் பருத்தி. வண்ணத்தில் சிக்கனம் பிடித்தாலும் காகிதத்தில் பிடிக்காதீர்கள்.

மூன்றாவது படத்தில் ஜலகண்டேஸ்வரர் கோபுரம் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அது மொபைலை அண்ணாந்து பிடித்ததால் வந்த கோணல், டிரேஸ் எடுக்கும்போது அதுவும் கூடவே வந்துவிட்டது. தள்ளி நின்று நேராகப் பிடித்து எடுங்கள், இல்லையென்றால் பென்சிலில் நிமிர்த்திவிடுங்கள். நான் பல வருடம் இதைக் கவனிக்காமலே வரைந்து, கட்டுக்கட்டாகச் சாய்ந்த கோபுரங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

நான்காவதில் தண்ணீர் ஓரம் ஒரு கொக்கு. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனால் கடைசியில் வெள்ளை பெயிண்ட் வைத்திருக்கிறீர்கள், சுண்ணாம்பு மாதிரி தெரிகிறது. கொக்கு இருக்கும் இடத்தை ஆரம்பத்திலேயே பென்சிலில் குறித்து, அங்கே வண்ணம் படாமல் சுற்றிப் போங்கள். காகிதத்தின் வெள்ளைதான் கொக்கு.

போட்டோவோடு ஒரு துண்டுச் சீட்டும் வேண்டும். எத்தனை மணி, வெயில் எந்தப் பக்கம், நிழல் என்ன நிறம், எதைப் பார்த்து மொபைலை எடுத்தீர்கள், நாலு வரி போதும். ஒரு மாதம் கழித்து வரைய உட்காரும்போது போட்டோ சொல்லாததை அந்தச் சீட்டு சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அதே இடத்துக்குப் போங்கள். கிழக்கு வெயில் நேராக அந்த மதில் மேல் விழும், அகழியிலும் அது தெரியும். தம்பியையும் அழைத்துப் போங்கள். வரைந்ததை அனுப்புங்கள், சீட்டையும் சேர்த்து.