மூக்கு ட்யூபில் இரவு ஃபீட்: நர்ஸ் இல்லாத நேரத்தில்

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ட்யூபில் குழந்தைக்கு உணவு (ஃபீட்) கொடுக்க பகலில் நர்ஸ் வந்துவிடுகிறார், இரவு ஃபீட்தான் பயமாக இருக்கிறது, ட்யூப் நகர்ந்திருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ட்யூப் நுரையீரல் பக்கம் போயிருந்தால் ஆபத்து.

ஒவ்வொரு ஃபீடுக்கு முன்பும், மூக்கருகே ட்யூபில் உள்ள அளவுக்குறி மாறாமல் இருக்கிறதா, ஒட்டிய டேப் தளரவில்லையா என்று பாருங்கள். அப்புறம் சிரிஞ்சில் கொஞ்சம் இரைப்பை நீரை இழுத்து பிஎச் தாளில் (அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் தாள்; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) வையுங்கள். பொதுவாக 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கொடுக்கலாம். உங்கள் மருத்துவமனை சொன்ன எல்லை வேறாக இருந்தால் அதுவே சரி. அமிலம் குறைக்கும் மருந்து சாப்பிடும் குழந்தைக்கு எண் கூடுதலாகக் காட்டலாம், அதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். காற்றை அடித்து ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்பாதீர்கள். சந்தேகமா? கொடுக்காமல் மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள்.

கொடுக்கும்போதும் அதன்பின் அரை மணி நேரத்துக்காவதும் குழந்தையின் தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். நடுவில் இருமல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். உதடு நீலமானால் ஆம்புலன்ஸ்தான்.

நாளைக்கு நர்ஸ் வரும்போது அவரைச் சும்மா உட்காரச் சொல்லிவிட்டு முழு ஃபீடையும் நீங்களே கொடுங்கள். அவர் பார்த்துத் திருத்தட்டும்.