கலை வினா – விடை

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி, ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். கலைக்காட்சிகளைத் தொகுத்தமைக்கும் க்யூரேட்டராக விரும்புகிறேன். ஓவியம் படிக்காத எனக்கு அங்கே இடமுண்டா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உண்டு. மெய்ப்புத் திருத்திய பழக்கத்தை உங்களுக்குக் கூடுதல் தகுதியாகவே கருதுகிறேன். நைஜீரியாவில் 1963இல் பிறந்து, அமெரிக்காவில் அரசியல் அறிவியல் படித்து, கவிதை எழுதிவந்த க்யூரேட்டர் ஒக்வி என்வேசர், ஆப்பிரிக்கச் சமகாலக் கலைக்கென 1994இல் ‘என்கா’ என்ற இதழைத் தொடங்கினார். 1997இல் ஜோகன்னஸ்பர்க் பியனாலே என்ற ஈராண்டுக் கலைக்காட்சியும், 2002இல் ஜெர்மனியின் காசெல் நகரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் சமகாலக் கலைக்காட்சியான டாக்குமெண்டாவின் 11ஆவது பதிப்பும் அவர் பொறுப்பில் நடந்தன. டாக்குமெண்டாவுக்கு ஐரோப்பியரல்லாத முதல் கலை இயக்குநர் அவர்தான். காசெலில் காட்சி திறப்பதற்கு முன்பே வியன்னா, புதுதில்லி, லாகோஸ் முதலிய நகரங்களில் விவாத அரங்குகளை நடத்தி, அவற்றின் உரைகளை நூல்களாகவும் கொண்டுவந்தார். எழுதுவது, பதிப்பிப்பது, காட்சி அமைப்பது என மூன்றும் அவரிடம் ஒரே வேலையாகத்தான் இருந்தன.

நம் ஊரிலும் இதற்கு முன்னோடி உண்டு. சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் உருவாவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற கலை இதழை நடத்தினார்கள்.

காட்சி நடத்தும் நடைமுறை வேலையையும் கற்க வேண்டும். அது கொஞ்சம் சலிப்பானதுதான். படைப்புகளின் பட்டியல், இரவல் ஒப்பந்தம், காப்பீடு, வந்திறங்கும்போது ஒவ்வொரு படைப்பும் எந்த நிலையில் இருந்தது என்ற எழுத்துப் பதிவு ஆகியவற்றில் ஒன்று விடுபட்டாலும் வழக்கு வரலாம். நீர்வண்ண ஓவியத்தின் மீது சுமார் 50 லக்ஸுக்கு (ஒளியை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பே.

எங்கே தொடங்குவது என்றால், 1850இல் தோன்றிய அரசு கவின் கலைக் கல்லூரி உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. மாணவர் காட்சி நடக்கும்போது சென்று, ஒரே ஒரு படைப்பைத் தேர்ந்து, அதன் மூலப்பொருள், அளவு, செய்முறை, அது உங்களிடம் எழுப்பும் கேள்வி ஆகியவற்றை 200 சொற்களில் தமிழில் எழுதுங்கள். சென்னைக் காட்சியகங்களின் சுவர்க்குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், ராயபுரத்திலிருந்து வருபவரும் நின்று படிக்கும்படி ஒரு குறிப்பை எழுதத் தெரிந்தவருக்கு இங்கே வேலை காத்திருக்கிறது.

கேள்வி: இதில் வருமானம் கிடைக்குமா?
– அதே வாசகி

பதில்: தொடக்கத்தில் போதாது. தனியாக இயங்குபவர்களில் பலர் காட்சியோடு வெளிவரும் காட்சிநூல்களைப் பதிப்பித்தும், கட்டுரை எழுதியும், வகுப்பெடுத்தும்தான் ஈடுகட்டுகிறார்கள். ஆகவே அச்சக வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். காட்சிநூல் அச்சுக்குப் போகும்போது நிறப்படி (வண்ண அச்சின் மாதிரித் தாள்) சரிபார்க்கத் தெரிந்தவரை ஓவியர்கள் தாமாகவே தேடி வருவார்கள்.