உறைபனி புல்லுல கால் வைக்காதீங்க!

கேள்வி: டிசம்பர்ல ஸ்காட்லாந்துல பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தோம் சார். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்ங்கற கோல்ஃப் மைதானத்துல ஆடறவங்க எல்லாம் கையில ஒரு குட்டி பாய் வச்சுக்கிட்டு நடக்கறாங்க, அது எதுக்கு? – வாசகி, கோவை

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்கம்மா! குளிர்காலத்துல அங்க புல் வளர்றது கிட்டத்தட்ட நின்னுடும், அடிக்கற அடியில மண்ணோட பேர்ந்து வர்ற புல் திரும்ப மூடறதுக்கு வசந்தம் வரைக்கும் ஆகும், அதான் நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் ஃபேர்வேல (குழியை நோக்கிப் போற, ஒட்ட வெட்டின புல்தரை) கிடக்கற பந்தை எடுத்து பாய் மேல வச்சு அடிக்கச் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை பொதுவா ஆட்டமே கிடையாது, ஊர் ஜனங்க நாயைக் கூட்டிட்டு வாக்கிங் போவாங்க.

பெரிய வில்லன் உறைபனிதான். இலைக்குள்ள இருக்கற தண்ணி உறைஞ்சு கிடக்கறப்ப மிதிச்சா செல்லெல்லாம் நொறுங்கிடும், அப்போ ஒண்ணும் தெரியாது, அப்புறம் பார்த்தா கால் தடம் கருப்பா, பழுப்பா தெரியும். அதனால பனி உருகற வரைக்கும் கேட்டைத் திறக்க மாட்டாங்க, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் காத்திருக்கணும் (எனக்கு இது ரொம்பப் பிடிச்ச ரூல்).

புல்லைக் குளிர்காலத்துக்குத் தயார் பண்ற வேலை இலையுதிர் காலத்துலயே ஆரம்பிச்சுடும். நைட்ரஜன் உரத்தைக் குறைப்பாங்க, இல்லேன்னா புல் தளதளன்னு வளர்ந்து பூஞ்சாணம் சுலபமா புடிச்சுக்கும். புல்லையும் கொஞ்சம் உயரமா விட்டு வெட்டுவாங்க, காலையில பனித்துளியைத் தட்டி விடுவாங்க, விழுந்த இலையை உடனே அள்ளிடுவாங்க.

ஊட்டியில புல்தரை வச்சிருக்கவங்களும் டிசம்பர், ஜனவரில விடியக்காலையில அதுமேல நடக்காம இருங்க.