மாத்திரை வேலை செய்கிறது என்று நினைக்கிறோம், தொடரலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் மூத்த மகளுக்கு 18 வயது. போன வருடம் நீட் எழுதினாள், கவர்மெண்ட் சீட்டுக்கு மார்க் பத்தவில்லை. ஒரு வருடம் கோச்சிங் ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு இப்போது வீட்டிலிருந்து ரிவிஷன் செய்கிறாள். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மாடல் டெஸ்ட் அன்று காலையில் வயிற்றைப் பிரட்டுகிறது. மாதவிலக்கு இருபது நாள் தள்ளிப்போய்விட்டது. அடிக்கடி தலைவலி என்கிறாள், யூடியூபில் பார்த்தால் மூளையில் கட்டி இருக்கலாம் என்று சொல்கிறார்கள். ஞாபகசக்திக்கு சிரப் கொடுக்கிறோம். இரவு பதினொரு மணிக்கு பிளாக் காபி குடித்துவிட்டுப் படிப்பாள். அப்புறம் தூக்கம் வருவதில்லை என்பதால் என் மாமியாருக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையில் பாதி பத்து நாளாகத் தருகிறோம். போன வாரம் வரை தினமும் அழுகை. “எனக்குப் பண்ணின செலவெல்லாம் வீண், நான் இல்லாமல் இருந்திருந்தால் தங்கச்சியையாவது நல்லாப் படிக்க வெச்சிருப்பீங்க” என்பாள். இரண்டு நாளாக ரொம்ப அமைதியாகிவிட்டாள். தன் வாட்சையும் கலர் பெயின்ட் பெட்டியையும் தங்கைக்கே கொடுத்துவிட்டாள். மாத்திரை வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். தேர்வு வரை தொடரலாமா? அவள் அப்பா லாரி ஓட்டுகிறார், வெளியூரில் இருக்கிறார்.
– ஒரு தாய் (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்த உடனே அதில் இருந்த எண்ணுக்கு அழைத்து அந்த அம்மாவிடம் பேசிவிட்டேன். அவர் சம்மதத்தோடுதான் இது இங்கே வருகிறது. அவரிடம் சொன்னதையே எழுதுகிறேன். தேர்வு மாதங்களில் வரும் கடிதங்களில் இப்படி ஏழெட்டு வியாதிகளுக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஒரு வரி இருப்பது புதிதல்ல.

அம்மா, அந்த அமைதி மாத்திரையால் வந்தது என்று நினைத்து நிம்மதி அடையாதீர்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அந்த அமைதிதான். வாரக்கணக்கில் அழுதுகொண்டிருந்த பிள்ளை, காரணம் எதுவும் மாறாமல் திடீரென்று அமைதியாகிறாள். தேர்வு தள்ளிப்போகவில்லை, மார்க் ஏறவில்லை, பயம் மட்டும் போய்விட்டது. அதோடு தனக்குப் பிடித்த பொருளை எடுத்துத் தங்கையிடம் கொடுக்கிறாள். “நான் இல்லாமல் இருந்திருந்தால்” என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் நாங்கள் அதைக் குணமாவதாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்களிடமும் இந்த அமைதியைப் பார்க்கலாம். உங்கள் மகள் விஷயத்தில் அப்படி இல்லாமல் இருக்கலாம். இல்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளும் வரை, இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இன்றைக்கே அவளிடம் நேராகக் கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். “உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா பாப்பா?” என்றே கேட்கலாம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல ஆகிவிடும் என்று பயப்படாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. அப்படி ஆகாது. இந்த எண்ணத்தோடு தனியாகப் போராடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ஒருவர் அதை வாய்விட்டுக் கேட்டதே பெரிய ஆறுதலாக இருக்கும்.

அவள் “ஆமா” என்றால் அடுத்த ஐந்து நிமிடத்துக்கு நீங்கள் பேசாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. திட்டாதீர்கள், கத்தி அழாதீர்கள். “என் தலை மேல அடிச்சு சத்தியம் பண்ணு” என்று கேட்காதீர்கள். சத்தியம் வாங்கினால் உங்களுக்கு நிம்மதி வரும், அவளுக்கோ இனிமேல் உங்களிடம் சொல்ல முடியாத விஷயம் ஒன்று கூடிவிடும். முக்கியமாக, “உனக்காக நாங்க எவ்வளவு கஷ்டப்படுறோம், அப்பா ராத்திரி பகல் பாக்காம ஓட்டுறாரு” என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் பாசத்தைச் செலவுக் கணக்காகச் சொல்லியே பழக்கம். நிலத்தை அடமானம் வைத்தது, நகையை வங்கியில் வைத்தது, ஹாஸ்டல் ஃபீஸ் கட்டியது என்று பெருமையாகத்தான் சொல்கிறோம். சோர்ந்து கிடக்கும் பிள்ளையின் காதில் அது கடன் பத்திரம் வாசிப்பது போல விழுகிறது. தன்னால் எல்லோருக்கும் பாரம் என்ற கணக்குக்கு உங்கள் மகள் ஏற்கெனவே வந்துவிட்டாள், அதை வாய்விட்டும் சொல்லிவிட்டாள். அவள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “நீ சொன்னது நல்லதாப் போச்சு. இப்போ ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்கப் போறோம்.”

“இல்லை” என்று சொன்னாலும் இந்தப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள்.

அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள். இரவில் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் மாத்திரைகள், வீட்டில் கிடக்கும் பழைய மாத்திரைகள், தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்து எல்லாவற்றையும் இன்றே வீட்டை விட்டு அகற்றி வேறொருவர் வீட்டில் பூட்டி வையுங்கள். ஒளித்து வைத்தால் போதாது. இந்த எண்ணம் பல நேரங்களில் அலையாக ஏறி இறங்கும், அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். வீட்டுக்காரருக்கும் போன் செய்யுங்கள். லோடு இறக்கிய இடத்திலிருந்து அவர் திரும்பி வரட்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் இருப்பார். காலையில் புறநோயாளிப் பிரிவில் பார்க்கலாம். இரவில் நிலைமை மோசமானால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விடுங்கள். எந்த நேரமும் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022-இல் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. நீங்களும் அழைக்கலாம், உங்கள் மகளும் அழைக்கலாம்.

போனில் பேசும்போது அந்த அம்மா தயங்கித் தயங்கி இரண்டு கேள்வி கேட்டார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமா? ஆகாது. மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போவதில் கேஸுக்கு என்ன வேலை? முயற்சி செய்தவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இரண்டாவது கேள்வி, நாளைக்குக் கல்யாணத்துக்குப் பார்க்கும்போது தெரிந்துவிடுமே என்பது. மருத்துவக் குறிப்புகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அப்புறம், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வாரம் கல்யாணப் பேச்சு எதற்கு?

சரி, இப்போது அந்த மாத்திரை. எழுபது வயதுப் பாட்டிக்கு எழுதிய மருந்தை யாரிடமும் கேட்காமல் பேத்திக்குப் பாதி உடைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். கோபம் வராமல் இருக்குமா? அல்பிரசோலம் பழக்கமாகிவிடும் மருந்து. மனச்சோர்வில் இருப்பவர்களை அது மேலும் கீழே இழுக்கலாம். சிலருக்கு மனதின் கட்டுப்பாட்டையே தளர்த்திவிடும். இத்தனைக்கும் அது புதிதாகப் படித்தது மனதில் பதிவதைக் கெடுக்கும் மருந்து! ஒரு கையால் ஞாபகசக்தி சிரப், மறு கையால் ஞாபகத்தைக் கெடுக்கும் மாத்திரை, நடுவில் பிளாக் காபி. குடித்த காபியின் காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்குக் குடித்தால் விடிகாலை நான்கு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். அதை அமுக்க மாத்திரை. மதியம் மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம். சிரப்பைக் கொட்டிவிடுங்கள், பணத்துக்குப் பிடித்த கேடு. பகலில் படித்தது மூளையில் நிலைப்பது இரவுத் தூக்கத்தில்தான். ஏழு மணி நேரம் தூங்குகிற பிள்ளை நேரத்தை வீணாக்கவில்லை. அல்பிரசோலத்தைப் பத்து நாளாகத் தினமும் கொடுத்திருப்பதால், எப்படி நிறுத்துவது என்பதை நாளை பார்க்கப்போகும் டாக்டர் சொல்லட்டும். எத்தனை நாள், எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் வேறு மருந்து எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். எழுதினால், அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரங்களில் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இரண்டு நாளில் பலன் இல்லை என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

கடிதத்தில் இருக்கும் மற்றதெல்லாம் காத்திருக்கும். முடி: பெரிய மன அழுத்தத்துக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொத்தாகக் கொட்டும், அப்புறம் தானாக வளரும். ஒருமுறை ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், போதும். மாதவிலக்கு: அழுத்தத்திலும் தூக்கமின்மையிலும் தள்ளிப்போகும். மூன்று மாதம் வராவிட்டால் காட்டுங்கள். வயிறு: பயந்தால் குடல் முறுக்கும், இட்லியோ தயிர் சாதமோ கொஞ்சமாகக் கொடுத்து அனுப்புங்கள். தலைவலி: கண் பரிசோதனை செய்யுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் தலைவலி, விடிகாலை வாந்தி, எதுவும் இரண்டிரண்டாகத் தெரிவது, வலிப்பு, உடம்பில் ஒரு பக்கம் பலம் குறைவது, இவற்றில் ஒன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. யூடியூபில் தலைவலி என்று தேடினால் மூளைக்கட்டிதான் வரும். ‘தலைவலி, தூங்கினால் சரியாகும்’ என்று வீடியோ போட்டால் யார் பார்ப்பார்கள்?

இதைப் படித்துவிட்டு மற்ற பெற்றோர் எல்லாம் பதற வேண்டாம். தேர்வுக்கு முன் பயப்படுவதும், எரிந்து விழுவதும், ஒருநாள் உட்கார்ந்து அழுவதும் வியாதி அல்ல. கேள்வித்தாளைப் பார்த்ததும் ஒரு நிமிடம் எல்லாம் மறந்து, நெஞ்சு படபடத்து, கை மரத்துப் போவதும் நிறையப் பேருக்கு நடக்கும். பேனாவைக் கீழே வைத்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி ஏழெட்டு முறை விட்டால் படபடப்பு இறங்கும். அப்புறம் தெரிந்த கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். என்னிடம் அழைத்து வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, “எக்ஸாம் முடிஞ்சதும் என்ன பண்ணப் போற?” வெறும் பயம் மட்டும் இருக்கும் பிள்ளையிடம் பட்டியலே இருக்கும்: இரண்டு நாள் தூக்கம், பாட்டி ஊர், படம், பிரியாணி. பதிலே வராமல் சுவரைப் பார்க்கும் பிள்ளையிடம்தான் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை வீட்டில் நீங்களும் கேட்கலாம்.

தேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதை இந்த வாரம் முடிவு செய்யாதீர்கள். டாக்டர் எழுதலாம் என்றால், அவளும் விரும்பினால், எழுதட்டும். இல்லையென்றால் ஹால் டிக்கெட் கிடக்கட்டும். நீட்டுக்கு உச்ச வயது வரம்பை 2022-லேயே எடுத்துவிட்டார்கள், எத்தனை முறை என்ற கணக்கும் இல்லை. அதற்காக “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றும் சொல்லிவைக்காதீர்கள், அது அவளுக்கு இன்னொரு வருடத் தண்டனையாகக் கேட்கும். தேர்வே இல்லாமல் அவளோடு பேச உங்களிடம் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். அந்தப் பெயின்ட் பெட்டியை வைத்து என்ன வரைந்தாள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. எழுதினால், தேர்வு முடிந்த மாலையோடு காவல் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். விடைக்குறிப்பு வெளியாகி மார்க்கைக் கூட்டிப் பார்க்கும் நாளும், ரிசல்ட் வரும் நாளும் இதைவிடக் கடினமாக இருக்கலாம். சொந்தக்காரர்கள் “எவ்வளவு?” என்று கேட்டு போன் செய்வார்கள், அந்த இரண்டு நாளும் போனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ரிசல்ட்டை அவள் தனியறையில் பார்க்க வேண்டாம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். அந்த வாரம் அவள் அப்பா லோடு எடுக்காமல் வீட்டில் இருக்கட்டும். வாடகை நஷ்டத்தைப் பற்றி அவள் முன்னால் பேச வேண்டாம்.