வெப்கேம் படம் இருட்டாக வருகிறதா? டிரைவரைத் தேடி அலையாதீர்கள்

கேள்வி: லினக்ஸ் லேப்டாப்பில், டெர்மினலில் எஃப்எஸ்வெப்கேம் கட்டளை கொடுத்துப் படம் எடுக்கிறேன். ஃபைல் உருவாகிறது, ஆனால் படம் ஒரே இருட்டு. வீடியோ காலில் அதே கேமரா நன்றாகத் தெரிகிறது. டிரைவர் (கேமராவை இயக்கும் மென்பொருள்) பழசு, புதியதை இறக்கு என்று ஒரு இணையதளம் சொல்கிறது. இறக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வீடியோ காலில் முகம் தெரிகிறதென்றால் டிரைவர் ஒழுங்காக இருக்கிறது. லேப்டாப் கேமராக்களில் பெரும்பாலானவை யுவிசி என்ற பொதுத் தரத்தில் இயங்குபவை. அதற்கான டிரைவர் 2008-லேயே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வந்துவிட்டது. 'வெப்கேம் டிரைவர் இலவசம்' என்று கூவும் தளங்கள் உங்கள் தலையில் கட்டுவது பெரும்பாலும் விளம்பரக் குப்பை. சில நேரம் அதைவிட மோசமான சரக்கு. கேமராவைத் தொடும் மென்பொருளை முகம் தெரியாதவரிடம் வாங்கலாமா?

உங்கள் சிக்கல் சின்னது. வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நமக்குக் கண் இருட்டுகிறது அல்லவா? கேமராவும் விழித்ததும் வெளிச்சத்தைக் கணிக்கச் சற்று நேரம் எடுக்கும். இந்தக் கட்டளையோ வந்த முதல் பிரேமையே, அதாவது கேமரா அனுப்பும் முதல் காட்சியையே, படமாக்கிவிடுகிறது. ஆகவே முதல் பிரேம்களைத் தள்ளச் சொல்லுங்கள்: ஒரு சிறு கோடு, ஒட்டியே பெரிய எழுத்து எஸ், இடம் விட்டு 20. சின்ன எஸ் போட்டால் அது வேறு வேலை, கவனம். அப்படியே சின்ன ஆர் போட்டு 1280எக்ஸ்720 என்று அளவும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 384எக்ஸ்288 என்ற குட்டிப் படம்தான் கிடைக்கும்.

அப்போதும் இருட்டா? முகம் பார்த்துத் திறக்கும் லேப்டாப்பா என்று பாருங்கள். அவற்றில் அகச்சிவப்புக் கேமரா ஒன்று தனியாக இருக்கும். அதிலிருந்து எடுத்தால் படம் சாம்பலாகவோ கறுப்பாகவோதான் வரும். இன்னொரு குழப்பமும் உண்டு: புதிய கெர்னல்களில் ஒரே கேமராவுக்கு இரண்டு எண்கள் வருகின்றன. வீடியோ0 படம் தரும். வீடியோ1 வெறும் தகவலுக்கு, அதில் படமே வராது. அகச்சிவப்பு இருந்தால் 2, 3 என்று பட்டியல் நீளும். எது எதற்கென்று ஒரு பெயர் போட்டு வைக்கக்கூடாதா? சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பார்? இத்தனை வருடமாகியும் இதே கதை. வி4எல்2-சிடிஎல் கட்டளையில் லிஸ்ட்-டிவைசஸ் கேட்டால் எந்தக் கேமராவுக்கு எந்த எண்கள் என்று பார்க்கலாம். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

'அனுமதி இல்லை' என்று வந்தால் சூடோ போடு (நிர்வாகி அதிகாரத்தில் இயக்கு), 777 கொடு (எல்லோருக்கும் முழு அனுமதி கொடு) என்று ஆலோசனை சொல்பவர்கள் ஏராளம். கேட்காதீர்கள். 777 கொடுத்தால் அந்தக் கணினியில் யார் கணக்கிலிருந்தும் உங்கள் கேமராவைத் திறக்கலாம். உங்கள் பயனர் பெயரை 'வீடியோ' குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள், சரியாகிவிடும். 'பிஸி' என்று வந்தால், வீடியோ கால் திறந்திருக்கும் பிரவுசர் டேபை மூடிவிட்டு மறுபடி எடுங்கள்.