நிலையான சுற்றுலா

கேள்வி: பூட்டானைப் போல நிலையான சுற்றுலாவை வளர்த்து ஓர் ஏழை நாடு பொருளாதாரத்தில் முன்னேற முடியுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மன்னார்குடி)

பதில்: சுற்றுலா பற்றிக் கேட்க எதற்கு ஐயா பெயரை மறைக்கிறீர்கள்? வீட்டில் தெரிந்தால் கூட்டிப் போகச் சொல்வார்கள் என்றா?

முதலில் அந்த 'நிலையான'. ஊரும் இயற்கையும் கெடாமல் நடத்துகிற சுற்றுலாவுக்கு அரசாங்கம் வைத்த பெயர். சுற்றவும் வேண்டும், உலாவவும் வேண்டும், நிலையாகவும் இருக்க வேண்டும் என்றால் அதற்குக் கோயில் தேர்தான் லாயக்கு. வருஷத்தில் ஒரு நாள் சுற்றும், மீதி 364 நாள் நிலையில் நிற்கும். இந்த அரசாங்கத் தமிழைப் பற்றி இதே பக்கத்தில் மூன்று முறை புலம்பியிருக்கிறேன். ஒரு தமிழ்ப் பேராசிரியர் 'வளங்குன்றா' என்பதே சரி என்று நான்கு பக்கம் எழுதினார். அவர் பொறுமை மட்டும் குன்றவே இல்லை.

'உலா' எனக்குப் பிடித்த சொல். பழைய உலா நூல்களில் அரசன் ஜம்மென்று வீதியில் பவனி போவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்கி, உடல் மெலிந்து, கைவளை கழன்று நிற்பார்கள். போனவனுக்குக் காலணா செலவில்லை. நஷ்டமெல்லாம் வாசலில் நின்றவர்களுக்கு. சுற்றுலா ஊர்களில் இன்றும் அதே கதைதான். வந்தவர் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார். தண்ணீரும் வீட்டு வாடகையும் விலை ஏறி, மெலிவது உள்ளூர்க்காரர்.

பூட்டான்காரர்கள் கெட்டிக்காரர்கள், கழன்ற வளைக்கு ரசீது போட்டுவிட்டார்கள். 1974-ல் வெளிநாட்டாருக்குக் கதவைத் திறந்தபோதே கூட்டம் வேண்டாம், காசு வேண்டும் என்று முடிவு. கொரோனாவுக்கு முன்னால் ஓட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 200, 250 டாலர் கட்டி வர வேண்டும். அதில் 65 டாலர் கஜானாவுக்கு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இலவசம் என்றால் காசு வேண்டுமே. 2022 செப்டம்பரில் மறுபடி திறந்தபோது அந்த 65-ஐ இரவுக்கு 200 ஆக்கினார்கள், ஓட்டலும் சாப்பாடும் தனி. ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. அடுத்த செப்டம்பரிலேயே 100 ஆகக் குறைத்து, 2027 ஆகஸ்ட் வரை இதுதான் என்று அறிவித்தார்கள்.

நமக்கு அந்தக் கணக்கு கிடையாது, இரவுக்கு 1,200 ரூபாய். முன்பு அதுவும் இல்லை. எட்டு லட்சத்தைத் தொடாத பூட்டான் மக்கள்தொகைக்கு 2019-ல் 3 லட்சம் பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள். நாலில் மூன்று பேர் அக்கம்பக்கத்து நாட்டார், பெரும்பாலும் நாம். 'கூட்டம் வேண்டாம்' என்பது விமானத்தில் வருகிற வெள்ளைக்காரருக்குத்தான் போலிருக்கிறது.

நானும் போனேன். இந்தப் பக்கம் நம் எல்லை ஊர் ஜெய்காவ்ன், காது கிழிகிற ஹாரன். நடுவில் ஒரு வாசல். அந்தப் பக்கம் பூட்டானின் புந்த்ஷோலிங். பழக்க தோஷத்தில் சாலையோரம், நடப்பவர்கள் கடக்கிற கோட்டுக்கு முன்னால் தயங்கி நின்றேன். ஒரு கார் வந்து நின்றது. யாருக்காக நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்காகத்தான்.

சாப்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். 'தென்னிந்திய உணவு உண்டு' என்று நோட்டீஸ் அடித்திருந்த டிராவல் ஏஜென்ட், அங்கே போனதும் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை நீட்டினார். சரி என்று உள்ளூர்ச் சாப்பாட்டில் இறங்கினோம். எமா தட்சி. எமா என்றால் மிளகாய், தட்சி என்றால் பாலாடைக்கட்டி. மிளகாயை அங்கே காரத்துக்குப் போடுவதில்லை, காய்கறியே அதுதான். எங்கள் குழுவில் ஆவக்காயைச் சாதம் மாதிரி சாப்பிடுகிற ஒரு அண்ணாச்சி இருந்தார். இரண்டாவது கவளத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்து அவருக்கு விளங்கிவிட்டது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூட்டானின் வண்டியை இழுப்பது சுற்றுலா அல்ல, ஆற்றுத் தண்ணீர். மின்சாரம் எடுத்து நமக்கு விற்கிறார்கள். அந்த வருமானம் இருப்பதால்தான் வருகிறவனிடம் கறாராக இருக்க முடிகிறது. அப்புறம், நாட்டில் 60 சதவீதம் காடு இருந்தே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு விமானம் இறங்க பாரோ, தரைவழிக்குச் சில வாசல், அவ்வளவுதான், உட்கார்ந்து வசூலிக்கலாம். நாலு பக்கமும் கடற்கரை திறந்து கிடக்கிற, ஓட்டலை விட்டால் வேறு பிழைப்பில்லாத தேசம் இதைக் காப்பியடித்தால் பயணி பக்கத்துத் தீவுக்குப் போய்விடுவான்.

தலைநகர் திம்புவில் எங்கள் ஓட்டல் வரவேற்பில் ஒரு பெண். பதிவேட்டுக்கு அடியில் ஐஇஎல்டிஎஸ் புத்தகம், வெளிநாடு போக எழுதுகிற ஆங்கிலப் பரீட்சைக்கு. ஆள் வந்தால் பதிவேட்டை மேலே இழுத்துக்கொள்வாள், போனால் தள்ளிவிடுவாள். சாவியைக் கொடுக்கும்போது என்னைக் கேட்டாள்: "ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வெயில் அதிகமாமே சார், உங்கள் ஊர் அளவுக்கு இருக்குமா?"